டிப்புக்குப் பிறகு பத்தியம்

வீட்டுத் தொட்டிகளில் பவளம் வளர்க்கும் நண்பர்களுக்கு,



சிங்கப்பூர், கோலாலம்பூர், டொரண்டோ, லண்டன், மெல்பர்ன் என்று கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் தமிழர்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறீர்கள். உங்களில் பலர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பவளத்தை டிப் செய்தேன். நாலைந்து நாளாகியும் விரியவில்லை. இன்னொரு டிப் கொடுத்துப் பார்க்கட்டுமா?" வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் வேண்டாம், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதை ஒருமுறை விரிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றே இந்த மடலை எழுதுகிறேன்.

பூச்சி உதிரும்படி பவளத்தை மருந்து நீரில் சிறிது நேரம் முக்கியெடுக்கும் இந்த டிப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. கடையிலிருந்து வந்த பவளத்தை அப்படியே தொட்டிக்குள் இறக்குவதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். அக்ரோபோரா பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு அதன் தோற்றத்திலேயே ஒட்டிக் கிடக்கும். நீரைப் பீய்ச்சி அடித்தால்தான் தெரியும். மாண்டிபோராவின் அடிப்பக்கத்தில் வெள்ளை நூடிபிராங்க் (ஓடில்லாக் கடல்நத்தை) ஒளிந்திருக்கும். ஸோவாந்திட் தின்னும் நூடிபிராங்கோ தான் தின்ற பாலிப்பின் நிறத்தையே தனக்கும் ஏற்றிக்கொள்ளும். சிவப்புப் பூச்சி என்று நாம் அழைக்கும் ஓட்டுயிரி அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். இவற்றில் ஏதேனும் ஒன்று உள்ளே புகுந்துவிட்டால், ஆண்டுக்கணக்கில் வளர்த்த தொட்டி சில மாதங்களில் வெறும் எலும்புக்கூடாகிவிடும். ஆகவே டிப் தேவைதான். ஆனால் அது பவளத்துக்கு ஒரு காயம் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பவளத்துக்கு நம்மைப் போல் தடித்த தோல் கிடையாது. வெளியே ஓர் அடுக்கு செல்கள், உள்ளே ஓர் அடுக்கு, நடுவில் மெல்லிய கூழ். அவ்வளவுதான் உடம்பு. உள்ளடுக்கில் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கின்றன. பகலெல்லாம் அவை தயாரித்துக் கொடுக்கும் சர்க்கரையில்தான் பவளத்தின் வாழ்க்கை ஓடுகிறது. பல இனங்களில் மொத்த ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்குவரை அந்த வழியில்தான் கிடைக்கிறது. உடம்பின் மேலே போர்த்தியிருக்கும் சளிப்படலம் அதற்குக் காவல். நோய்க்கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் நல்ல பாக்டீரியாக்களும் அந்தச் சளியில்தான் வாழ்கின்றன.

டிப் நீரில் இறக்கியதும் பாலிப்புகள் சுருங்கும். பவளம் சளியைக் கொட்டும். சில இனங்கள் செரிமான இழைகளைக்கூட வாய் வழியாகவும் உடல் சுவர் வழியாகவும் வெளியே தள்ளும். வெள்ளை நூல்போலத் தெரிவது அதுதான். மருந்து எதுவானாலும் இது நடக்கும். டிப்புக்குப் பலர் பயன்படுத்தும் லூகால் அயோடின் 1829இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் லூகால் உருவாக்கியது. கிருமியை அது எரிப்பது ஆக்சிஜனேற்றத்தால். அதே வேலையைப் பவளத்தின் வெளியடுக்கிலும் ஓரளவு செய்யத்தான் செய்யும். தாவர எண்ணெய் கலந்த டிப்புகள் புழுவை மயங்கவைத்து உதிரச் செய்யும். அளவு கூடினால் சதையையும் உரிக்கும். தோட்டத்துக்கென்று விற்கும் பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்துவோரும் நம்மிடையே உண்டு. அது வேலை செய்கிறது என்பது உண்மை. இருந்தும் அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பூச்சியின் நரம்பைத் தாக்கும் நஞ்சு இறாலையும் நண்டையும் விட்டுவைக்காது. சரியாக அலசாத ஒரு துண்டோடு அது தொட்டிக்குள் போய்விட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

ஆக, கிண்ணத்திலிருந்து வெளியே வரும் பவளம் சளிக்காவலை இழந்து, சேமிப்பில் ஒரு பகுதியைச் செலவழித்து, மூடிக் கிடக்கிறது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு நம் வீடுகளில் முதலில் கஞ்சிதான் கொடுப்பார்கள். அலைச்சலும் எண்ணெய்ப் பண்டமும் பிறகுதான். பவளத்துக்கும் அப்படி ஒரு பத்தியம் வேண்டும். அது இரண்டு மூன்று வாரம் நீளும்.

இதில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தோனேசியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ கடலிலிருந்து, அல்லது கடற்பண்ணையிலிருந்து, எடுத்த துண்டு இடைத்தரகர் தொட்டியில் கிடந்து, பையில் அடைபட்டு, விமானமேறி, கடைக்கு வந்து, அங்கிருந்து மறுபடி ஒரு பையில் உங்கள் வீட்டுக்கு வருகிறது. வந்து சேரும்போதே களைத்திருக்கிறது. தனித்தொட்டி வைத்திருப்பவர்கள் வந்த நாளே டிப் செய்ய அவசரப்பட வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாள் தனித்தொட்டியில் ஓய்வு கொடுத்து, பாலிப் விரிவதைப் பார்த்துவிட்டுச் செய்தால் தாங்கும். தனித்தொட்டி இல்லாதவர்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் பவளத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியைச் சிறிய தொட்டி ஒன்று, ஹீட்டர் ஒன்று, எளிய விளக்கு ஒன்று இவற்றுக்கு ஒதுக்குங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

டிப் கிண்ணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீர் உங்கள் தொட்டி நீராகவே இருக்கட்டும். ஏசி அறையில் சின்னக் கிண்ணம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், ஆகவே தொட்டியின் மேலேயே மிதக்கவிடலாம். காற்றுக்கல் ஒன்று ஓடட்டும். லேபிளில் போட்டிருக்கும் நேரத்தைத் தாண்டாதீர்கள். ஐந்து நிமிடம் போதுமென்றால் பத்து நிமிடம் இரட்டிப்புப் பலன் தராது. முதல் தடவை ஓர் இனத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் குறைந்த அளவில் தொடங்குங்கள். சீனியா போன்ற மென்பவளங்கள் அயோடினைப் பெரும்பாலும் தாங்காது. டார்ச், ஹாமர் போன்ற யூஃபிலியா வகைகளைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. சதை சுருங்கியிருக்கும்போது எலும்பின் கூரிய விளிம்பே அதைக் கிழித்துவிடும். ஸோவாந்திட், பாலிதோவா வகைகளைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பாலிடாக்சின் கொடிய நஞ்சு. அவை ஒட்டிய பாறையைச் சூடான நீரில் கழுவுவதோ கொதிக்கவைப்பதோ குடும்பத்தையே மருத்துவமனைக்கு அனுப்பிவிடக்கூடும்.

இனி அலசுவது. பலர் அவசரத்தில் விட்டுவிடும் இடம் இதுதான். தொட்டி நீர் நிரப்பிய இரண்டு மூன்று பாத்திரங்களை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மெல்ல ஆட்டி, அடுத்ததில் இறக்கி, மூன்றாவதில் சில நிமிடம் விட்டு, அதன்பிறகே தொட்டிக்கு. டிப் நீரையோ அலசிய நீரையோ தொட்டியில் ஊற்றக் கூடாது. கடையில் பவளத்தை ஒட்டிக் கொடுத்த சிறு அடித்தட்டான ப்ளக்கையும் முடிந்தால் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதில் ஒட்டுங்கள். புழுக்களின் முட்டைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

முதல் இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விளக்கு அணைந்ததும் பாசிகள் ஆக்சிஜன் தயாரிப்பதை நிறுத்திவிடும். பவளமோ மூச்சுவிட்டுக்கொண்டேதான் இருக்கும். காயம்பட்ட பவளம் சளி கொட்டியபடி இருப்பதால் அதைச் சுற்றி பாக்டீரியாவும் பெருகும். அவையும் ஆக்சிஜனை உண்ணும். நீரோட்டம் இல்லாத மூலையில் வைத்த பவளம் விடியும்முன் கெட்டுப்போவது இதனால்தான். "பாவம், ஓய்வெடுக்கட்டும்" என்று நீரோட்டம் உண்டாக்கும் பவர்ஹெட்டை அணைத்துவிடாதீர்கள். மிதமாக, திசை மாறி மாறி வரும் நீரோட்டம் வேண்டும். சளியை அது அடித்துச் சென்றுவிடும், சதையைச் சுற்றி நீரைப் புதுப்பிக்கும். பவர்ஹெட்டின் வாய்க்கு நேரெதிரே மட்டும் வைக்கக் கூடாது. நீர்ப்பரப்பு நன்றாகக் கலங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நுரையாகக் கழிவை நீக்கும் ஸ்கிம்மர் சில மணி நேரம் பொங்கி வழிந்தால் பயப்பட வேண்டாம். மிச்சமிருந்த மருந்தும் சளியும் சேர்ந்து செய்யும் வேலை அது.

வெளிச்சத்தைக் குறைக்கத்தான் நம்மவர்கள் மிகவும் தயங்குகிறார்கள். அக்ரோபோரா என்றால் 250, 300 பார் (ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியின் அளவு) வெளிச்சம் வேண்டும் என்று படித்துவிட்டு, டிப் முடிந்த கையோடு பாறை உச்சியில் ஒட்டிவிடுகிறார்கள். நலமாக இருக்கும் பவளத்துக்கு அது சரி. அடிபட்ட பவளத்துக்குள் இருக்கும் பாசிகளால் அவ்வளவு வெளிச்சத்தைக் கையாள முடியாது. மிஞ்சும் ஒளியாற்றல் உள்ளேயே சதையை எரிக்கும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகளை உருவாக்கும். அப்போது பவளம் பாசிகளை வெளியே தள்ளி வெளிறிப்போகும். ஆகவே முதலில் மணல் மட்டத்தில், 50 முதல் 100 பார் அளவில் வையுங்கள். பார் மீட்டர் இல்லாதவர்கள் விளக்கின் ஒளியைக் குறைக்கலாம், உயர்த்தி மாட்டலாம், பிளாஸ்டிக் வலை ஒன்றை மேலே போட்டு ஒரு வாரம் கழித்து எடுக்கலாம். முழு இருட்டும் கூடாது, உணவே வெளிச்சம்தானே. பாலிப் நன்றாக விரிந்தபின் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். ஒட்டும்போதே இடம் மாற்றத் தோதாக, தட்டு ஒன்றில் நிறுத்தி வைப்பது நல்லது. தினம் ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்து, திருப்பி வைத்து, இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்து என்று அலைக்கழிப்பது, நான் பார்த்தவரை, மருந்தைவிட அதிகப் பவளங்களைக் கொன்றிருக்கிறது. வைத்த இடத்தில் விட்டுவிடுங்கள்.

நீரின் எண்களைத் துரத்துவதும் அப்படித்தான். பவளம் சோர்ந்திருக்கிறது என்றதும் ஆல்கலினிட்டியைக் கூட்டி, கால்சியத்தைக் கூட்டி, அமினோ அமிலம் ஊற்றி, ஒரே நாளில் பத்து மாற்றம். இயற்கைக் கடல்நீரின் ஆல்கலினிட்டி ஏறத்தாழ 7 டிகேஎச். உங்கள் தொட்டி 7.5இல் இருக்கிறதா, அங்கேயே இருக்கட்டும். 8.5இல் இருக்கிறதா, அதுவும் சரி. ஒரு நாளில் ஒரு டிகேஎச் அளவுக்கு மேல் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். உப்பளவு ஆயிரத்துக்கு 35, வெப்பம் 25, 26 டிகிரி. இவையும் ஆடக் கூடாது. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்ப் பெருமைப்படுவோர் உண்டு. புண் ஆற வேண்டிய பவளத்துக்கு அது பட்டினி. நைட்ரேட் ஐந்து பத்து, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்று இருந்தால் பாசிகளும் தழைக்கும், சதையும் வளரும். நீர் மிகத் தூய்மையாகவும் ஆல்கலினிட்டி உயர்வாகவும் இருக்கும் தொட்டிகளில் அக்ரோபோராவின் நுனி கருகுவதை அனுபவசாலிகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

உணவு எப்போது? மூடிக் கிடக்கும் வாயில் திணிக்காதீர்கள். அழுகும் இறைச்சி காயத்தின் மேல் கிடந்தால் பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. இரவில் விளக்கணைந்தபின் உணவு பிடிக்கும் உணரிழைகள் வெளியே வருகின்றனவா என்று சிவப்பு வெளிச்சத்தில் பாருங்கள். வந்தால் அக்கான், யூஃபிலியா போன்றவற்றுக்கு ஒன்றிரண்டு மைசிஸ் போதும். சின்ன பாலிப் வகைகளுக்கு ரோட்டிஃபர் கொடுக்கலாம். தின்னாமல் துப்பினால் இரண்டு நாள் பொறுங்கள். ஸோவாந்திட் கூட்டம் ஒரு வாரம்வரை மூடியிருந்தாலும் நான் கவலைப்படுவதில்லை, சதை உருகாத வரை.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இன்னொரு டிப் எப்போது கொடுக்கலாம்?

பவளம் விரியவில்லை என்பது மட்டும் காரணமாக இருந்தால் கொடுக்கவே கூடாது. பூச்சி இருப்பது உறுதியானால் மட்டுமே இரண்டாவது டிப். அதிலும் நாள் பார்த்துச் செய்ய வேண்டும். அக்ரோபோரா தட்டைப்புழுவின் முட்டைகளை எந்த டிப்பும் நம்பகமாகக் கொல்வதில்லை. உறை அவ்வளவு கெட்டி. கிளையின் அடியில், சதையில்லாத எலும்பின் மேல், பழுப்புநிறக் கொத்தாக ஒட்டியிருக்கும். அவற்றைக் கத்திமுனையால் சுரண்டி எடுங்கள்; முடிந்தால் அந்த அடிப்பகுதியையே வெட்டி எறிந்துவிடுங்கள். ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்தப் புழுவின் வாழ்க்கைச் சுழற்சியை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். 27 டிகிரி வெப்பத்தில் முட்டை ஏறத்தாழ 11 நாளில் பொரிக்கிறது. அந்தக் குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட மேலும் சில வாரங்கள் ஆகின்றன. நீர் குளிர்ந்திருந்தால் இரண்டுமே தள்ளிப்போகும்.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். மூன்று நாளுக்கொருமுறை டிப் கொடுப்பதால் முட்டைக்குள் இருப்பதை எதுவும் செய்துவிட முடியாது, சாவது பவளம்தான். முட்டைகள் பொரித்தபின், குஞ்சுகள் முட்டையிடும் பருவம் எட்டும் முன் வரும் அந்த இடைவெளியில் கொடுத்தால்தான் சுழற்சி அறுபடும். முதல் டிப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இரண்டு வாரம்போல விடலாம். அந்த இரண்டு வாரமும் பவளத்துக்குச் சளிக்காவல் திரும்பவும், ஓரளவு சேமிப்பு ஏறவும் கிடைக்கும் காலம். இந்தக் கணக்கு பவளத்தைத் தனித்தொட்டியில் வைத்திருந்தால் மட்டுமே பொருந்தும். புழு ஏற்கெனவே பெரிய தொட்டியில் புகுந்துவிட்டதென்றால் அங்குள்ள அக்ரோபோரா அத்தனையையும் வெளியே எடுத்து ஒன்றாக வைத்தியம் பார்க்க வேண்டும். கஷ்டம்தான். குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரியாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. டார்ச்சிலோ ஹாமரிலோ பழுப்புநிறக் கூழ் படர்வதைப் பார்த்தால் காத்திருக்கக் கூடாது. பிரவுன் ஜெல்லி என்கிறோமே, அதுதான். நுண்ணுயிரிகள் உயிருள்ள சதையையே கரைத்து உண்டபடி பரவும். முதலில் பவர்ஹெட்டுகளை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கூழ் பறந்துபோய் அடுத்த பவளத்தில் ஒட்டும். கூழை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பவளத்தை வெளியே கொண்டுவந்து, கெட்ட தலைகளை நல்ல பகுதியோடு சற்றுச் சேர்த்தே வெட்டி நீக்கி, அயோடினில் நனைத்து, தனியே வையுங்கள். அக்ரோபோராவில் சதை அடியிலிருந்து மேலாக உரிந்துகொண்டே வந்தாலும் வெட்டுவதுதான் வழி. உரியும் கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது மேலே, நல்ல நிறமுள்ள இடத்தில் வெட்டி, வெட்டுவாயை சூப்பர் க்ளூ ஜெல்லால் மூடிப் புதிய ப்ளக்கில் நட்டுவிடுங்கள். தாய்ப்பவளம் போனாலும் நுனிகள் பிழைப்பதுண்டு.

தேறிவருகிறதா என்று எப்படிக் கண்டுகொள்வது? நிறத்தைப் பார்த்து அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள், நிறம் கடைசியில்தான் திரும்பும். முதலில் பாலிப் நுனி எட்டிப் பார்க்கும். சதை எலும்போடு ஒட்டி வற்றியதுபோல் இருந்தது மெல்ல ஊதும். பிறகு விளிம்பில் மெல்லிய சதை எலும்பின் மேல், ப்ளக்கின் மேல், பசையின் மேல்கூட ஊர்ந்து ஏறும். அந்த விளிம்பைக் கண்டுவிட்டால் நிம்மதியாக இருக்கலாம். வெள்ளையாகிவிட்டது என்று தூக்கி எறிந்துவிடுவோரையும் பார்க்கிறேன். தயவுசெய்து பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெளிறிய பவளத்தின் மேல் கண்ணாடிபோல் சதை இருக்கும், பாலிப் அசையும். அதற்கு உயிர் இருக்கிறது. குறைந்த வெளிச்சத்தில், சிறிது உணவு கொடுத்து மாதக்கணக்கில் பொறுத்திருந்தால் பாசிகள் திரும்பக் குடியேறும். சதையே இல்லாமல் எலும்பின் கண்ணறைகள் கூர்மையாகத் தெரிந்து, மேலே பாசி படரத் தொடங்கினால்தான் அந்த இடம் போனதாகக் கொள்ளலாம். அப்போதும் மற்ற பகுதியில் சதை மிச்சமிருந்தால் படர்ந்த பாசியை மென்மையான தூரிகையால் நீக்கிக்கொண்டே இருங்கள். வளரும் சதைக்கு வழி கிடைக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். இந்தியாவில் பாறை கட்டும் கல்பவளங்கள் அத்தனையும் 2001 முதல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. யாராவது மன்னார் வளைகுடாப் பவளம் என்று கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள். சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்து நாம் அழித்த பாறைகள் அவை. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பவளத் துண்டுகளைக் கான்கிரீட் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு அவற்றை மீட்கப் பாடுபடுகிறது. பவளத்தின் மேல் ஆசை உள்ளவர்கள் அந்தப் பணியைத் தேடிப் படியுங்கள். வெட்டிய துண்டு எப்படிப் புண் ஆறி வேர்கொள்கிறது என்பதை எந்தக் கண்ணாடித் தொட்டியையும்விட அங்கே நன்றாகக் கற்கலாம்.

கடைசியாக, பவளத் துண்டு (ஃப்ராக்) வெட்டி விற்பவர்களிடமும் நண்பர்களுக்குக் கொடுப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வெட்டிய அன்றே டிப் செய்து மறுநாளே பையில் போட்டு அனுப்பாதீர்கள். வெட்டுவாயில் சதை மூடி ஏறும்வரை உங்களிடமே இருக்கட்டும். கொடுக்கும்போது எந்த டிப், எந்தத் தேதி, எத்தனை நிமிடம், உங்கள் தொட்டியின் ஆல்கலினிட்டி எவ்வளவு, எத்தனை பார் வெளிச்சத்தில் இருந்தது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பையோடு சேர்த்துக் கொடுங்கள். வாங்குபவர் தெரியாமல் மறுநாளே இரண்டாவது டிப் கொடுத்துவிடாமல் இருக்க அந்தச் சீட்டு போதும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்